ஆகா

மாவு கையில் ஒட்டவில்லை. நல்ல சகுனம் என்று செண்பகவல்லி நினைத்தாள். நினைத்த கையோடு, சகுனம் பார்க்கிற ஆளைப் பாரு என்று தன்னையே ஒரு அதட்டும் போட்டுக்கொண்டாள். ஹாலில் பிளாஸ்டிக் விரிப்பு, நடுவே பெரிய ஸ்டீல் பேசின், அதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடின அரிசி மாவு. இந்தப் பக்கம் அவள், எதிரே சாங்-ஊவின் அம்மா, பக்கத்தில் சாங்-ஊவின் தங்கை மிரான். ஒரு உருண்டை கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் குழித்து, வறுத்துப் பொடித்த எள்ளும் சர்க்கரையும் வைத்து, ஓரத்தை மூடி, பிறை வடிவத்துக்கு ஓர் அமுக்கு. அட சாமி, இது கொழுக்கட்டை! பேரை சொங்பியொன் என்று மாற்றி வைத்துக்கொண்டால் ஆச்சா? கோவில்பட்டியில் பிள்ளையார் சதுர்த்திக்குப் பிடிக்கிற அதே பூரணக் கொழுக்கட்டை, கடல் தாண்டி வந்து, கொரியாவின் தெற்கு ஓரத்தில் கோஹுங் என்கிற இந்தச் சின்ன ஊரில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு சூசொக். அறுவடைப் பண்டிகை. புது அரிசியில் செய்ததையெல்லாம் விடிகாலையில் முன்னோர்களுக்குப் படைத்து விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டில் யாரும் வாயில் வைப்பார்கள். போன சூசொக்குக்கு அவள் குவாங்ஜூவில் பள்ளிக்கூடம் கொடுத்த அறையில் தனியாக உட்கார்ந்து, கடையெல்லாம் மூடிவிட்டார்களே என்று கப் நூடுல்ஸைக் கிண்டிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் உதவி டீச்சருக்கு அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? இந்த வருஷம் மாவில் கை. யாரும் கையை எடு என்று சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை.

எடு என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் இவர்களிடம் உள்ள தொந்தரவே. சாங்-ஊ பஸ்ஸில் வரும்போது சொல்லிவிட்டான். அவள் பள்ளிக்கூடத்திலேயே சயின்ஸ் வாத்தியார், நாற்பதை எட்டிப் பிடித்தும் கல்யாணம் பண்ணாதவன், ஒருநாள் அவளுடைய எலுமிச்சை சாதத்தை ருசி பார்த்துவிட்டு டப்பாவைக் கழுவி அதில் ஆரஞ்சுப் பழங்களை நிரப்பித் திருப்பித் தந்தவன். "நம்ம கல்யாணத்துக்கு எங்க அம்மா சம்மதம்னும் சொல்ல மாட்டாங்க, முடியாதுன்னும் சொல்ல மாட்டாங்க. உங்களை என்னன்னு கூப்பிடறாங்கன்னு மட்டும் கவனிங்க. சொன்செங்நிம்னு கூப்பிட்டா நீங்க விருந்தாளி, டீச்சரம்மா. சாப்பிட்டுட்டுப் போக வேண்டியதுதான். என்னைக்கு ஆகான்னு கூப்பிடறாங்களோ அன்னைக்கு முடிஞ்சது." "என்னது?" "ஆகா. குழந்தைன்னு அர்த்தம். மாமியார் புது மருமகளையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. ஆகாவா! எங்க ஊர்ல நல்ல பாட்டு கேட்டா ஆகாம்போம், ரசம் நல்லா இருந்தா ஆகாம்போம், மருமகளைப் பார்த்து எந்த மாமியார் ஆகான்னு சொல்லியிருக்கா? அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான், அந்தப் பார்வையில் லேசாகப் பயம் இருந்தது. பயம் என்றால் என்ன பயம்? அம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அம்மாவை மீறி எதுவும் செய்கிற ஆள் அவன் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், அப்படி அவன் மீறினால் அவளுக்கே அது பிடிக்காது. இப்போது ஐயா இங்கே இல்லை. அப்பாவின் சமாதிக்குப் போய்ப் புல் வெட்டிவிட்டு வருகிறேன் என்று அரிவாளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். விட்டுட்டுப் போய்ட்டான் பாரு, சண்டாளன், என்று நினைத்துக்கொண்டே இன்னொரு உருண்டையைக் கிள்ளினாள்.

"சொன்செங்நிம், கால் மரத்துப்போச்சுங்களா? தலையணை வேணுங்களா?" இதோ. வந்ததிலிருந்து சாங்-ஊவின் அம்மா வாயிலிருந்து இது எத்தனையாவது சொன்செங்நிம்! செருப்பைக் கழற்றும்போது ஒன்று, பேரிக்காய் நறுக்கித் தரும்போது ஒன்று, கை கழுவுகிற இடத்தைக் காட்டும்போது ஒன்று. அதோடு ஒவ்வொரு பேச்சின் வாலிலும் ஒரு 'யோ'. அந்த யோ நம்ம ஊர் 'ங்க' மாதிரி. மிரானிடம் பேசும்போது யோ கிடையாது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கிடையாது, நாயிடம் கிடையாது. அவளிடம் மட்டும் சாப்பிடுங்க, உட்காருங்க, இருக்கட்டுங்க. மரியாதை கொடுத்தே ஆளைத் தள்ளி உட்காரவைக்க முடியும் என்று கோவில்பட்டியிலும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்த அம்மாள் அதில் கெட்டிக்காரி. வேணாங்க, சுகமா இருக்கேங்க என்று அவளும் யோ போட்டே பதில் சொன்னாள். சுகமாகத்தான் இருந்தது, அதுவும் பொய்யில்லை. தரை அடியிலிருந்து இளஞ்சூடாகக் கதகதத்தது. ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது, அதற்கப்பால் அறுக்கக் காத்திருக்கும் வயல், மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். எள் வறுத்த வாசனை வீடெல்லாம். "பல்லி, பல்லி!" என்று அந்த அம்மாள் திடீரென்று குரல் கொடுக்க, வல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டு "ஆங்?" என்றாள். மிரான் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தப் பல்லிக் கதையைச் சொல்லாவிட்டால் அவள் கொரியா வந்த கதையே புரியாது. இந்த ஊர் நாக்குக்கு நம்ம 'வ' வராது, 'ப'தான் வரும். வல்லி டீச்சர் முதல் நாளே பல்லி டீச்சர் ஆகிவிட்டாள். அது போதாதென்று இவர்கள் பாஷையில் பல்லி என்றால் சீக்கிரம், வெரசா என்று அர்த்தம். இந்த நாட்டில் பஸ் டிரைவர் பல்லி என்பான், ஹெட்மாஸ்டர் பல்லி என்பார், லிஃப்டுக்குள் ஓடி வருகிறவள் பல்லி பல்லி என்பாள். யார் அவசரப்பட்டாலும் இவள்தான் திரும்பிப் பார்க்கவேண்டும். முதல் மாசம் அறைக்குள் வந்து அழுதிருக்கிறாள். அப்புறம் ஒருநாள் தானாகச் சிரிப்பு வந்தது. கோவில்பட்டி வீட்டில் பேச்சுக்கு நடுவே சுவரில் பல்லி கத்தினால் அம்மா ஆள்காட்டி விரலால் தரையில் மூணு தட்டுத் தட்டி, பார்த்தியா, பல்லியே சொல்லிருச்சு, அப்ப அது நிஜந்தான் என்பாள். இங்கே நாள் முழுக்கப் பல்லி சொல்கிறது. எதைத்தான் நிஜம் என்று சொல்கிறதோ.

தெரியுமா, தெரியாதா? அதுதான் மாவோடு மாவாக நெஞ்சுக்குள் உருண்டுகொண்டிருந்தது. சொல்லிவிட்டாயா என்று சாங்-ஊவிடம் பஸ் ஸ்டாண்டில் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள், அதற்குள் அவன் அத்தை ஒருத்தி பேரிக்காய்ப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். சொல்லிர்றேன் என்று போன வாரம் சொன்னான். சொல்லிர்றேன் என்றால் சொன்னதாகுமா? ஒருதரம் கல்யாணம் ஆனவள். ஆகி ஒரு வருஷம் நிறைவதற்குள் இசக்கிராஜாவை டெங்குக் காய்ச்சலுக்கு வாரிக் கொடுத்தவள். வாரிக் கொடுத்தவள் என்றுதான் சொல்கிறார்கள், என்னமோ இவள் கை நிறைய அள்ளி நீட்டின மாதிரி. நல்லவன் இசக்கி. ஸ்கூட்டரில் போகும்போது சத்தமாகப் பாடுவான், சுருதி சேராது. அவன் போனபின் அண்ணன் வீடு. அண்ணன் தங்கம். மதினியும் கெட்டவள் இல்லை, அதுதான் சொல்லித் தீராத விஷயம், கெட்டவளாக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு மறந்திருக்கலாம். அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி, ஓர் உருண்டை உருட்டினாள். மதினி வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கையிலிருந்த உருண்டையை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "நீ என்னத்துக்கு வல்லி மாவுல கைய வச்சிக்கிட்டு, போயி டிவியப் பாரு தாயி, நான் பாத்துக்கிடுதேன்." அவ்வளவுதான். தாயி என்று கூடச் சொன்னாள். டிவியில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கை கழுவாமல் உட்கார்ந்திருந்தாள், விரலிடுக்கில் மாவு காய்ந்து வெள்ளையாக உதிர்ந்தது. அடுப்படியில் மதினி யாரிடமோ போனில், நல்ல காரியத்துக்கு ஆகாதுல்லா என்று சொன்னது காதில் விழுந்தது. ஆகாது. ஆகாதவ. அதற்கப்புறம் பொங்கலுக்குப் பானை ஏற்றும்போது தலைவலி வரும், வளைகாப்பு வீட்டுக்குப் போகிற அன்று பள்ளிக்கூடத்தில் வேலை வரும், அவளே வரவழைத்துக்கொள்வாள், மற்றவர்களுக்கு எதற்குச் சங்கடம்? கடல் தாண்டி வேலைக்கு வந்ததற்குக் காரணம் கேட்டால் சம்பளம் என்பாள். போய்யா. யாரும் வாங்கிக்கொள்ளாத ஓர் உருண்டை மாவுக்காக வந்தாள்.

இன்றைக்கு மத்தியானம் இன்னொரு கூத்து. பஸ் ஸ்டாண்ட் கண்ணாடியில் பார்த்துச் சின்னதாகச் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்துக்கொண்டாள், இசக்கிக்குப் பிறகு முதல் தடவையாக. பழக்கம் விட்டுப்போய், பொட்டு கொஞ்சம் கோணல். வாசலில் குனிந்து வணக்கம் சொல்லி நிமிர்ந்தால், சாங்-ஊவின் அம்மா அவள் நெற்றியையே உற்றுப் பார்த்தாள், ஐயையோ என்று நாக்கைச் சப்புக்கொட்டி, இடுப்பிலிருந்த ஈரத்துணியை எடுத்து நெற்றியைத் துடைக்கக் கையை நீட்டினாள். சிவப்புப் பயறு அரைத்துக்கொண்டிருந்தார்களாம், தெறித்து ஒட்டிவிட்டது என்று நினைத்துவிட்டாளாம். அது அப்புறம்தானே தெரிந்தது!  நெற்றியை நோக்கி வருகிற ஈரத்துணி, இதைப் பார்த்திருக்கிறாள், பார்க்கக்கூடாத நாளில் பார்த்திருக்கிறாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நல்லவேளை மிரான் கத்தினாள். "அம்மா, அது அழுக்கு இல்ல, அலங்காரம்!" இவர்கள் பாஷையிலும் அம்மா அம்மாதான், வாயைக் கொஞ்சம் குவித்து ஒம்மா என்பார்கள். கை பாதியில் நின்றது. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் வெறும் விரலால், கோணலாக இருந்த பொட்டைத் தொட்டு, கொஞ்சமாக நடுவுக்கு நகர்த்தி அழுத்தினாள். "அழகா இருக்குங்க, சொன்செங்நிம்." அழிக்க வந்த கை திருத்திவைத்துவிட்டுப் போகிறது, ஆனால் பின்னாலேயே அந்த ங்க, அந்த சொன்செங்நிம். அழுவதா சிரிப்பதா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, இதப் பாருங்களேன், என்ன லட்சணம்!" மிரான் தன்னுடைய சொங்பியொனைத் தூக்கிக் காட்டினாள். அவள் அக்கா என்று சொல்லவில்லை, ஒன்னி என்றாள், அதற்கு அக்கா என்று அர்த்தம். கோவில்பட்டிக் காதுக்கு அது அண்ணி என்றே விழுந்து, முதலில் கொஞ்ச நேரம் வல்லியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கவைத்தது. மிரானுடையது நிஜமாகவே அலங்கோலம். வாய் பிளந்து எள் வெளியே எட்டிப் பார்த்தது. அழகாகப் பிடித்தால் அழகான பெண் பிறக்கும் என்று இங்கே ஒரு சொல் உண்டாம், அதனால்தான் எனக்குப் பையன், அதுவும் அப்பன் ஜாடை, என்று மிரான் நொடித்தாள். பிறகு வல்லியின் வரிசையைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். வல்லியே அப்போதுதான் பார்த்தாள். பேச்சும் நினைப்பும் ஓடிக்கொண்டிருக்க, விரல்கள் தன்பாட்டுக்கு ஓரத்தை மடித்து மடித்து முறுக்கிவிட்டிருந்தன, சோமாசிக்குப் போடுகிற முறுக்கு. தட்டு முழுக்கச் சடைபின்னின பிறைகள். மற்ற இருவருடையதும் வழவழவென்று இருக்க, இவளுடையது மட்டும் ஜிமிக்கி போட்ட மாதிரி நின்றது. போச்சுடா. படைக்கிற பண்டத்தில் புதுப் பழக்கம் புகுத்திவிட்டோமே, முன்னோர்கள் என்னடா இது என்று கேட்டால்? சாங்-ஊவின் அம்மா ஒன்றை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எப்போதுதான் தெரிந்தது? சட்டென்று இவள் பக்கம் நேராகப் பார்த்து, முகமெல்லாம் மலர, இரண்டு கையையும் நீட்டி, "ஆகா!" என்றாள்.  "ஆகா, வா, வா!" வா என்றால் இங்கேயும் கிட்டத்தட்ட வாதான், உதடு குவிந்த உவா. எழுந்திருக்கணுமா, கும்பிடணுமா, கையில் மாவாக இருக்கிறதே, கடவுளே, சாங்-ஊ இல்லையே இந்த நேரத்தில்! பாதி எழுந்தும்விட்டாள். பின்னாலிருந்து அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தபடி, தூங்கி எழுந்த மிரானின் குழந்தை தவழ்ந்து வந்து, அவளைத் தாண்டி, நீட்டின கைகளுக்குள் போய் விழுந்தது. ஆகா. குழந்தை. அதைத்தானே சொன்னான் அவன், குழந்தை என்று அர்த்தம் என்று. பாதி எழுந்தவள் என்ன செய்வாள், கால் மரத்துவிட்டது என்று சொல்லிக் காலை மாற்றி மடக்கி உட்கார்ந்தாள். "அப்பவே சொன்னேனே, தலையணை போட்டுக்குங்க சொன்செங்நிம்." காது நுனிவரை அவளுக்குச் சூடேறியது. அசடு, வடிகட்டின அசடு.

குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே, இன்னொரு கையால் மாவை உருட்டிக்கொண்டே, நிமிராமலே அந்த அம்மாள் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரருக்கு வருஷாவருஷம் யாருங்க படைக்கிறாங்க?" மிரான் உருட்டுவதை நிறுத்தினாள். வல்லிக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை, பாஷை விளங்காத மாதிரி இருந்தது, பிறகு ஒரே அடியாக விளங்கியது. தெரியும். சொல்லிவிட்டான். இந்த அம்மாளுக்குத் தெரியும், இப்போது தெரிந்ததல்ல, செருப்பைக் கழற்றும்போதே தெரியும், பொட்டைத் திருத்தும்போதே தெரியும், பேசினை இழுத்து இவள் முன்னால் வைக்கும்போதே தெரியும். தெரிந்துதான் மாவில் கை வைக்கவிட்டாள். "அவரோட அண்ணன்ங்க. ஆடி அமாவாசைக்கு."  "அவருக்கு என்ன பிடிக்குங்க?" காரச்சேவு என்று வாயில் வந்துவிட்டது. காரச்சேவை எந்தப் பாஷையில் சொல்லுவாள்! மாவைக் காட்டி, நீளமாக இழுத்துக் காட்டி, எண்ணெயில் பொரிகிற சத்தம் போட்டு, உறைப்புக்கு நாக்கை நீட்டி உஸ் உஸ் என்று காட்டினாள். மிரான் சிரித்தாள், குழந்தை சிரித்தது, அவளும் சிரித்தாள், சிரிப்போடு கண்ணிலிருந்து கொட்டியது, முழங்கையால் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் மாவு. "இனிப்பு பிடிக்காதுங்களா?" "ஆகவே ஆகாதுங்க." அந்த அம்மாள் எழுந்து போய் உப்புப் போட்டு வேகவைத்த பயறுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். "அப்ப இத வச்சு அவருக்கு ஒண்ணு பிடிங்க. எங்க ஆளுக வர்றப்ப தனியாவா வருவாங்க? அவரும் கூட்டத்தோட கூட்டமா வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். எங்க வீட்டுக்காரரு சாப்பிடறப்ப பேச ஆள் தேடுவாரு." சொன்னவளும் வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவள்தான். சமாதியில் புல் வெட்டப் பிள்ளையை அனுப்பிவிட்டு, காதில் முத்துத் தோடு போட்டு, உதட்டில் லேசாகச் சாயம் பூசி, பண்டிகையை நடுநாயகமாக உட்கார்ந்து நடத்துகிறாள். அவளை டிவி பார்க்கச் சொல்ல இந்த ஊரில் யாருக்காவது தைரியம் இருக்குமா? வல்லி உப்புப் பயறு வைத்து ஒன்று பிடித்தாள். அதிகமாகச் சடை பின்னினாள். இசக்கி, இந்தா, கொரியாக் கொழுக்கட்டை, பாடாமல் சாப்பிடு, பக்கத்தில் பெரியவர் இருப்பார்.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க, சொன்செங்நிம்." அடடா! இதற்குப் பிறகுமா? நெஞ்சு பஞ்சாகப் பறந்துகொண்டிருந்த இடத்தில் சின்னதாக ஒரு முள். தெரியாமல் சொன்செங்நிம் என்று கூப்பிட்டால் தெரியவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். எல்லாம் தெரிந்து, செத்தவனுக்குக்கூட இலையில் இடம் போட்டுவிட்டு, அதற்கும் மேலே சொன்செங்நிம் என்றால் என்ன அர்த்தம்? நீ நல்லவள், உன் புருஷனும் வந்து சாப்பிடட்டும், நீயும் சாப்பிடு, சாப்பிட்டுட்டு பஸ் ஏறு, என்றுதானே? அவ்வளவு தெளிவான பதிலை வேறு எப்படிச் சொல்ல முடியும்? போனில் மதினி கேட்பாள். மதினிதான் தினமும் கேட்கிறாள், அண்ணனைவிட அவளுக்குத்தான் படபடப்பு. முதலில், பேரு என்னது, சங்கா, ஊதுத சங்கா, வேற பேரே கிடைக்கலியா அவுகளுக்கு என்று கேட்டாள், அப்புறம் அவளே, பேருல என்ன இருக்கு, உன்னைய நல்லா வச்சுக்கிடுவானா என்று கேட்டுவிட்டுப் போனில் மூக்கை உறிஞ்சினாள். சரி, இருக்கட்டும். இப்போது பார், என்று வல்லி தனக்கே சொல்லிக்கொண்டாள், முள் முள்ளாகவே இருக்கட்டும், இந்த மத்தியானத்தை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. மாவு பிசைந்தாயா? பிசைந்தேன். கையை எடு என்றார்களா? சொல்லவில்லை. இசக்கிக்கு ஒன்று பிடித்தாயா? பிடித்தேன். இதற்கு மேலும் கேட்டால் அது பேராசை. ஆனால் பேராசையாகத்தான் இருந்தது, மறைத்து என்ன பண்ண? அந்த ஒரு சொல் வேண்டும். டீச்சரம்மா வேண்டாம். இந்த வீட்டில் நாய்க்கு இருக்கிற உரிமையாவது வேண்டும், யோ இல்லாமல் ஒரு அதட்டு வேண்டும். அடுப்படியில் இட்லிக் கொப்பரை போல உயரமான பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. தட்டில் துணிக்குப் பதிலாகப் பைன் மரத்து ஊசி இலைகளைப் பரப்பி அதன்மேல் அடுக்குவார்கள். ஆவி கிளம்பினதும் காட்டு வாசனையும் அரிசி வாசனையும் ஒன்றாகி வந்து மூக்கில் ஏறின, பக்கத்தில் கிண்ணத்தில் நல்லெண்ணெய், வெந்ததும் தடவ. நல்லெண்ணெய்! தீபாவளிக் காலையே வந்து நின்ற மாதிரி இருந்தது. மிரான் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, தூங்கவைக்கிறேன் என்று வெளியே வேலியோரம் உலாவப் போனாள். "வெந்திருச்சான்னு பாக்கிறீங்களா, சொன்செங்நிம்?" என்று கேட்டுவிட்டு சாங்-ஊவின் அம்மா பின்கட்டுக்குக் கீரை அலசப் போனாள். பாக்கிறேங்க, என்றாள் வல்லி.

மூடியைத் திறந்தாள். துணி நழுவியது. ஆவி விரலைப் பிடித்துக்கொண்டது. "அம்மா!" எந்தத் தமிழச்சிதான் சுட்டால் வேறு எதையாவது சொல்லிக் கத்தியிருக்கிறாள்? கல் இடறினால் அம்மா, பல் வலித்தால் அம்மா, பிரசவத்திலும் அம்மா, அதில் யாரையும் கூப்பிடுகிற எண்ணமே கிடையாது, நாக்கில் பிறந்த சத்தம் அது. ஆனால் அவள் கத்தினது வீடெல்லாம் போய் முட்டியது, பின்கட்டில் குழாய்த் தண்ணீர் சத்தம் சட்டென்று நின்றது, அப்போதுதான் தான் என்ன கத்தினோம் என்று அவளுக்கே உறைத்தது. ஐயோ. ஒம்மா என்றல்லவா கேட்டிருக்கும்! அடுத்தவர் அம்மாவை இங்கே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், பெற்ற பிள்ளைகள் மட்டும் கூப்பிடுகிற கூப்பாடு, விருந்துக்கு வந்த டீச்சரம்மா அடுப்படியில் நின்று ஒம்மா என்று அலறினால் அதைவிட அதிகப்பிரசங்கித்தனம் உண்டா? மன்னிச்சுக்குங்க, எங்க ஊர்ல வலிச்சா அப்படி, என்று விளக்கச் சொற்களைத் தேடினாள், வலிக்கு என்ன சொல், ஊருக்கு என்ன சொல், ஒன்றும் வரவில்லை. பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "ஓன்யா!" பெரியவர்கள் தன் பிள்ளைகளுக்குக் குரல் கொடுக்கும் ஓன்யா, இதோ வந்துட்டேன் என்கிற ஓன்யா. மிரான் கூப்பிட்டாள் என்று நினைத்துவிட்டாள். பாவம், மகள் என்று நினைத்து ஓடி வருகிறாள். காலடிச் சத்தம் நெருங்கியது. "எங்க சுட்டுக்கிட்ட, ஆகா? காட்டு, கையக் காட்டு!" ஆகா என்றால் குழந்தை, குழந்தைக்கு என்ன ஆச்சு என்று வல்லி திரும்பிப் பார்த்தாள். குழந்தை இல்லை. குழந்தை மிரான் முதுகில், மிரான் வேலியோரத்தில், ஜன்னல் வழியாகத் தெரிகிறாள். அடுப்படியில் இருந்தது அவளும், ஆவியும், ஈரக் கையோடு வந்து நிற்கிற அந்த அம்மாளும் மட்டும்தான். காட்டு. காட்டுங்க இல்லை. யோவைக் காணோம். எங்கே போயிற்று யோ? எங்க சுட்டுக்கிட்ட, ஆகா. அவளைத்தான்.

நீட்டின விரலை அந்த அம்மாள் பிடித்துக் குழாயில் காட்டினாள், பிறகு அப்படியே தூக்கி, வல்லி தன் காது மடலையே பிடித்துக்கொள்ளும்படி செய்தாள். சுட்டால் காதைப் பிடிக்கணுமாம், காது குளிர்ச்சியாம். கொழுக்கட்டை எதிரே, காதைப் பிடித்துக்கொண்டு, செண்பகவல்லி! தோப்புக்கரணம் மட்டும்தான் பாக்கி. பிள்ளையாரே, இங்கேயும் வந்துட்டீரா என்று நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து மூக்கில் ஏற, காதையும் விடாமல் நின்றாள். மிரான் வாசலில் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "யாரு அம்மான்னு கத்தினது?" சாங்-ஊவின் அம்மா கொப்பரைக்குள் குனிந்து, ரொம்பச் சாதாரணமாக, "நம்ம ஆகா, விரலச் சுட்டுக்கிட்டா" என்றாள். மிரானின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. வல்லியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், முதுகிலிருந்த குழந்தையைக் கூடத் திரும்பிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல், மலைப்பக்கம் பார்த்து, "அண்ணா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். மதினிக்குச் சொல்லணும், முதலில் மதினிக்குத்தான் சொல்லணும். என்ன சொன்னாக அவுக அம்மா என்று கேட்பாள். ஆகான்னு சொன்னாக மதினி. ஆகாதுன்னுட்டாகளா என்று பதறுவாள். இல்ல மதினி, ஆகா, ஆகான்னு சொன்னாக, இங்க அதுக்கு வேற அர்த்தம், நம்ம ஊர்லயும் வேற அர்த்தம் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான் மதினி! எதிரே வெந்த பிறைகள் பளபளவென்று சடை பின்னி ஆவிக்குள் உட்கார்ந்திருந்தன. நல்லெண்ணெய்க் கிண்ணத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஹாலில் இன்னும் பாதி மாவு கிடக்கிறதே என்கிற எரிச்சலோடு, இவள் காதைப் பிடித்தபடி நின்று சிரிக்கிற அழகைப் பார்த்து அந்த அம்மாள் ஒரு அதட்டுப் போட்டாள். "ஆகா! பல்லி, பல்லி!" வல்லி காதை விட்டாள். போய் மாவுப் பேசின் முன்னால் உட்கார்ந்தாள். சுட்ட விரலாலேயே தரையில் மூணு தட்டுத் தட்டினாள்.